பெயர் கேட்கும் பெட்டி

கரவெட்டியில் வெயில் சாய்கிற நேரம். பழைய கணினிகளைத் தேடிச் சேர்க்க ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் லக்ஷன், விசைப்பலகையில் படிந்த தூசியை ஊதிவிட்டு ஆளியை அழுத்துகிறான். திரை முனகி, மெல்ல மெல்லப் பச்சையாகிறது. கண்ணில் புரை விழுந்த உதயகலாவுக்கு அது பாசி பிடித்த கிணற்றைப்போலத் தெரிகிறது. போரில் காணாமல்போன அவளுடைய அண்ணனின் கணினிப் பெட்டி. அவன் கடைசியாகச் செருகிய பிளொப்பித் தகடு இன்னும் அதன் வாயிலேயே இருக்கிறது. “அண்ணை தானே எழுதின புரோகிராம், தம்பி. முதல்லை என்ரை பேரைக் கேக்கும். அடிச்சா வணக்கம் சொல்லும்.” லக்ஷனின் தோற்பையில் வெற்றுப் பிளொப்பிகள் இருக்கின்றன. அவற்றைச் செருகினால் பூஞ்சணம் பிடித்த பெட்டி கீறிவிடும். பெட்டி ஒழுங்காக எழுதுகிறதா என்று பார்க்க, உள்ளே கிடக்கும் பிளொப்பியை அழித்துப் பார்த்தாலே போதும். கட்டளையைத் தட்டுகிறான். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுந்து மினுங்குகிறது: இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? உதயகலா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்ட வருகிறாள். “என்ன கேக்குது? என்ரை பேரே?” “ஓம் அன்ரி.” “கலா எண்டு அடியுங்கோ. அவருக்கு நான் கலாதான்.” அவன் ஒரேயொரு விசையை அழுத்துகிறான். பெட்டிக்குள் கறகறவென்று சத்தம் ஓடத் தொடங்குகிறது. “உந்தச் சத்தந்தான், தம்பி, உந்தச் சத்தந்தான்” என்கிறாள் உதயகலா. பிறகு பச்சை வெளிச்சத்தைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, திரும்ப வணக்கம் சொல்கிறாள்.