துறைமுக மஞ்சள்

"மஞ்சள்தான். படி ஒவ்வொண்ணோட ஓரத்துலயும் பட்டையா மஞ்சள் கோடு. கதவு நிலைக்கும் அதேதான்," என்றார் கொபினா.

புது வீட்டு வரைபடத்தில் குனிந்திருந்த தெதெய் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், இது வீடு. துறைமுகம் இல்ல."

"தேமா துறைமுகத்துல காலமெல்லாம் கிரேன் ஓட்டினவன் நான். என் கண்ணுக்கு அதுதான் அழகு."

எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி அராபா, "கேட்டுக்கோ தெதெய். விட்டா கிரேனையும் கொண்டாந்து ஹால்ல நிறுத்தச் சொல்லுவாரு," என்றாள்.

தெதெய்க்குத் தன் தொழில்மேல் அபார நம்பிக்கை. கானாவின் தலைநகர் அக்ராவில் வீட்டு உள்ளலங்காரம் என்றால் அவள் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டி அவள் வேலை செய்வதில்லை. குடிவரப் போகிறவர்களின் பழைய வீட்டுக்குப் போவாள். அவர்களோடு உட்கார்ந்து கென்கி என்னும் சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிடுவாள். யார் எந்த நாற்காலியில் சாய்கிறார்கள், செருப்பை எங்கே கழற்றிப் போடுகிறார்கள், எந்த ஜன்னலடியில் பேச்சு நீள்கிறது என்று பார்ப்பாள்.

"எனக்கு யோசனை கடையில கெடைக்காது. ஆளுங்ககிட்டதான் கெடைக்கும்," என்பாள்.

அராபாவிடம் அது ஒரு துணியில் கிடைத்தது. மக்கோலா சந்தையில் அராபாவின் துணிக்கடைக்குத் தனி மதிப்பு. கல்யாணத்துக்கு என்ன நிறம் எடுப்பது என்று அவள் வாயால் கேட்டுப் போக எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். விற்க மனமில்லாமல் அவள் எடுத்து வைத்திருந்த துணி ஒன்று, ஈர மணல் நிறம். அதை வைத்தே தெதெய் வீடு முழுக்க வரைந்துவிட்டாள். சுவர், கதவு, தரை, திரை எல்லாம் ஒன்றில் ஒன்று கரையும்.

விளக்கிச் சொல்லி முடித்ததும், "நான் மனசுல வெச்சிருந்த வீடு இது," என்றாள் அராபா. தெதெய்க்கு அதற்குமேல் கூலி வேண்டியிருக்கவில்லை.

அதைத்தான் இப்போது கொபினா குலைத்துக்கொண்டிருந்தார். கரைகிற நிறம் வேண்டாம். கம்பளம் வேண்டாம். தாழ்ந்த மேஜை வேண்டாம். நடையில் விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும்.

"ஆன்ட்டியோட ஆசையையும் கொஞ்சம் பாருங்க அங்கிள்."

"வீடு கட்டினது நான். என் இஷ்டம்."

அராபா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்படியும் ஒரு புருஷன். தெதெய் பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் அடித்துக் கொடுத்தாள்.

குடிபுகுந்த நாளில் பாஸ்டர் ஜெபம் முடித்ததும் சொந்தக்காரர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அராபாவின் தங்கை எக்குவா கடற்கரையில் ஓட்டல் கட்டுகிறவள். தெதெயின் வேலையைப் பார்க்கவென்றே வந்திருந்தாள்.

"அக்கா, இது மாடிப்படியா, லாரி நிறுத்துற இடமா?"

கூட்டம் சிரித்தது.

"நான்தான் போடச் சொன்னேன். தெதெய் மேல தப்பு இல்ல," என்றார் கொபினா, கூச்சமே இல்லாமல்.

"அத்தானா, அதானே பாத்தேன். பாவம் எங்கக்கா. ஊருக்கே நிறம் பாத்துச் சொல்றவ, சொந்த வீட்டுல வாயில்லாம நிக்கிறா."

அராபா திரையின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்றாள். முகம் செத்துப் போயிருந்தது.

தெதெய்க்குப் பொறுக்கவில்லை. சூப் கொதித்துக்கொண்டிருந்த பின்கட்டுக்குப் போன கொபினாவை மடக்கினாள்.

"அங்கிள், ஆன்ட்டி முகத்தைப் பாத்தீங்களா? அவங்க ஆசை உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லையா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஈஸ்டருக்கு எனக்குச் சட்டைத் துணி அவளே எடுத்துக் குடுத்தா. 'பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கும்'னா. ஆனா அது நீலம், தெதெய்."

தெதெய்க்கு முதலில் புரியவில்லை.

"கண் டாக்டர்கிட்ட தனியா போயிட்டுப் போயிட்டு வர்றா. என்கிட்ட சொல்லல. பிள்ளைங்ககிட்டயும் சொல்லல. பழைய வீட்டுல பழக்கத்துல நடந்துடுவா. புது வீட்டுல எங்கேயாவது விழுந்துட்டா? மஞ்சள் மட்டும் அவளுக்கு இன்னும் நல்லாத் தெரியுது."

"நேராவே பேசியிருக்கலாமே அங்கிள்."

"அவ தொழிலே கண்ணுதான். அவளா வாயைத் தொறக்காம, 'உனக்குக் கண்ணு தெரியல'ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதுவரைக்கும் ரசனை கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்."

"அந்தச் சட்டை?"

"பச்சை ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லிப் போட்டுக்கிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனேன்."

தெதெய் மெதுவாக ஹாலுக்குத் திரும்பினாள். எக்குவா அவள் தோளில் கை போட்டாள்.

"நல்லவேளை, அந்த மஞ்சள் உன் வேலை இல்லன்னு அத்தானே சொல்லிட்டாரு. இல்லேன்னா என் ஓட்டல் பக்கமே உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

தெதெய் நிமிர்ந்து நின்றாள்.

"அவரு எனக்காகச் சொன்னாரு. ஆன்ட்டிக்குப் பிடிக்காதோன்னு பயந்து, நான்தான் அவரைக் கேக்கச் சொல்லிட்டு எதிர்க்கிற மாதிரி நடிச்சேன். மஞ்சள் என் யோசனைதான். இந்த வீட்டுல நான் உருப்படியா செஞ்சதே அது ஒண்ணுதான்."

எக்குவாவின் கை தோளிலிருந்து நழுவியது. அராபா திரும்பினாள்.

"உன் யோசனையா?"

"ஆமா ஆன்ட்டி."

"அட, நான் இந்த மனுஷனோடதுன்னுல்ல நெனச்சு இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தேன்." அராபா தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். "நிறத்தைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? வா, மாடியைக் காட்டறேன்."

கைப்பிடியைத் தொடாமல், பேசிக்கொண்டே, விறுவிறுவென்று படியேறினாள் அவள். பின்கட்டு வாசலில் கொபினா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.