கௌதாரி குறுக்கே போன நேரம்

பாதி உழுத வயலில் ஒரெஸ்தேயின் ட்ராக்டர் நிற்கிறது. பீசா நகரத்துப் பக்கத்து மதிய வெயில் கொழுவில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், வானத்திலிருந்து வரும் ஈர்ப்பலைகளை அளக்கும் நீலக் குழாய்க்கூடம் கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடக்கிறது. அங்கே விஞ்ஞானியாக வேலை செய்யும் இலாரியா, சூடு ஆறாத ரொட்டிப் பொட்டலத்தோடு மூச்சு வாங்க வரப்பில் வந்து நிற்கிறாள். "மறுபடியும் புகாரா, டாக்டரம்மா? என் வண்டிச் சத்தத்துல உங்க நட்சத்திரம் தூங்கலையாமா?" என்கிறார் ஒரெஸ்தே. "புகார் இல்ல. நேத்து காலைல வண்டிய ஏன் நிறுத்தினீங்க?" அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிகிறார். "கௌதாரி ஒண்ணு குஞ்சுகளோட குறுக்க போச்சு. ஏத்திட்டா போக முடியும்?" இலாரியா சிரிக்கிறாள், கண் கலங்குகிறது. "சரியா அப்பத்தான் ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் சுத்திச் சுத்தி மோதின அலை வந்துச்சு. பல கோடி வருஷமா வந்துக்கிட்டிருந்தது. வண்டி ஓடியிருந்தா அந்த அதிர்வுல அதோட அடிக்குரல் அமுங்கிப் போயிருக்கும். இப்ப ரெண்டோட எடையும் தெரிஞ்சிருச்சு." "எவ்வளவாம்?" "ஒவ்வொண்ணும் சூரியன விடக் கனம். அகலம் இங்கேருந்து கடற்கரை வரைக்கும், இருபது கிலோமீட்டர்தான்." அவள் ரொட்டியை நீட்டுகிறாள். ஒரெஸ்தே முதல் துண்டைப் பிட்டு, கௌதாரி மேயும் சால் பக்கம் வீசுகிறார். பிறகு சாவியில் கை வைத்தவர், திருகாமல் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். "கிளப்பட்டுமா? இல்ல, இன்னும் யாராச்சும் வந்துக்கிட்டிருக்காங்களா?"