பதினேழாம் எண் பேட்ஜ்

"எந்த ரூமுக்குள்ள போன? கூட யார் இருந்தா? மறைக்காம சொல்லிடு."

மேடம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எதிரே நிற்பவரை ஊடுருவிப் பார்க்கும் கண்களுக்காகவே மேடத்துக்கு வகுப்பில் 'எக்ஸ்ரே' என்று பெயர்.

"எங்கேயும் போகல மேடம். சத்தியமா."

மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. மருத்துவ இயற்பியல் இறுதியாண்டு மாணவிகள் இருபத்திரண்டு பேரும் பயிற்சியின்போது நெஞ்சில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு பேட்ஜ்களின் மூன்று மாத அறிக்கை. இருபத்தொரு பேருக்கு நேராகப் பூஜ்யம். பதினேழாம் எண்ணுக்கு நேராக மட்டும் எட்டு. பதினேழு அவளுடையது.

"ஒரு வருஷம் முழுக்க உனக்கு அனுமதிச்சதைவிட இது அதிகம். தெரியுமில்ல?"

"நம்ம லேப் எக்ஸ்ரே மெஷின்ல ஏதாவது கோளாறு..."

"அதுக்கு அவ்வளவு பலம் ஏது? பேட்ஜுக்குள்ள இருக்கிற தகடு எல்லாத்தையும் துளைச்சிட்டுப் போயிருக்கு. இது புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற பெரிய மெஷின். நம்ம காலேஜ்ல அது கிடையாது. அது ஓடும்போது அந்த ரூம்ல நோயாளியைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. டாக்டரே கதவைச் சாத்திட்டு வெளியிலதான் நிப்பார். நீ எப்படி உள்ள போன? தெரிஞ்சவங்க யாராவது வேடிக்கை காட்டினாங்களா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"பேட்ஜை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?"

"இல்ல மேடம்."

பொய். படிப்பு விடுமுறை விட்ட அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், பேட்ஜைச் சுவர்ப் பலகையில் மாட்டாமல் ஸ்வெட்டரின் உள்பையில் போட்டுக்கொண்டு ஓடியிருந்தாள். பரீட்சை முடிந்து வந்த அன்று, யாரும் பார்க்காதபோது எடுத்து மாட்டிவிட்டாள். வீட்டில் என்ன கதிர்வீச்சு வந்துவிடப்போகிறது என்ற தைரியம்தான்.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆரம்பம். அதுக்குள்ள நடந்ததை எழுதிக் கொடு. இல்லன்னா உன் பேரை அனுப்ப மாட்டேன். ஒரு வருஷம் போச்சுன்னு வெச்சுக்கோ."

பஸ்ஸில் இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. உள்ளங்கையைப் பார்த்தாள், ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் தன் உடம்பில் எதுவோ புகுந்துவிட்டது போலிருந்தது. பொய் சொன்னது வேறு உள்ளே அரித்தது. எங்கேயும் போகவில்லை என்றால், எட்டு எங்கிருந்து வந்தது? படிப்பு விடுமுறையின் ஐந்து வாரமும் வீட்டை விட்டு நகராமல் படித்தவள் அவள். வெளியே போய்வந்தது அம்மா மட்டும்தான்.

அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஐம்பது வயதில் அம்மா கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். இருபத்தைந்து நாள் வகுப்பு, சனி ஞாயிறு லீவு. "அங்க ஏசி ஆளை விறைக்க வைக்குதுடி" என்று மகளின் ஸ்வெட்டரைத்தான் தினமும் எடுத்துப் போவாள். திரும்பி வந்ததும் படுத்துவிடுவாள். "மவுஸைப் பிடிச்சதுக்கே இந்தக் களைப்பா?" என்று இவள் கேலி செய்வாள். "நீ மட்டும் என்ன, முழு டாக்டரா? அரை டாக்டர்தானே! சும்மா படி" என்பாள் அம்மா.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் ஸ்வெட்டர் உள்பைல சின்னதா ஒரு பேட்ஜ் இருந்துச்சே, பாத்தியா?"

"கெட்டியா எதுவோ தட்டுப்பட்டுது. உன் சாமான்னு கை வைக்கல. ஏன்டி, தொலைச்சிட்டியா?"

"தொலையல. அதுல கதிர்வீச்சு ஏறியிருக்கு. நான் எங்கயோ திருட்டுத்தனமா போனேன்னு மேடம் நெனைக்கறாங்க. திங்கக்கிழமை பயிற்சிக்கு அனுப்ப மாட்டாங்களாம். ஒரு வருஷம் போயிடும்மா."

அம்மா மடித்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"என்னாலயா?"

"உன்னாலன்னு யார் சொன்னா? கம்ப்யூட்டர்லேர்ந்து அது வராது. உங்க கிளாஸ் மாடியில, பக்கத்துல, ஏதாவது ஸ்கேன் சென்டர் இருக்கா? யோசிச்சு சொல்லு. ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டேதான் உக்காந்திருப்பியா?"

"இல்லடி. கழட்டச் சொல்லிடுவாங்க. உள்ளயே, கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு கொக்கி இருக்கு. அதுலதான் மாட்டுவேன்."

அவள் ஒரு காலில் செருப்பைக் கழற்றியபடி நின்றாள்.

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல ஏதும்மா கட்டில்?"

அம்மா துண்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை நீவினாள்.

"இருபத்தஞ்சும் முடிஞ்சிடுச்சுடி. உனக்குப் பரீட்சையாச்சேன்னுதான் சொல்லல."