கிரஷர் வாசல்

கல் உடைக்கும் கிரஷர் ஆலையின் வாசலில் விரல் வைத்தால் ஊசி குத்தும். ரத்தம் சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும். ஆடி மாதம் ஒருநாள், "ஆள் தேவையில்லை" என்று அது தொழிலாளி மாசிலாமணியைத் திருப்பியனுப்பியது. அவன் சங்கம் ஆரம்பித்ததற்குப் பழிவாங்கல் என்று எல்லோரும் கொடி பிடித்தார்கள். அவனுடைய இருமலை யாரும் சட்டை செய்யவில்லை. தை மாதம் நுரையீரல் புற்றுநோய் முற்றிச் செத்தான்.

அவன் மனைவி பொற்கொடி மேனேஜரை வாசலிலேயே மறித்தாள்.

"ரத்தத்துல பிளேட்லெட் தாறுமாறா ஏறினா புத்துநோயா இருக்கலாமாம், அது ஏறினது அன்னிக்கே மெஷினுக்குத் தெரியும். அப்பவே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ஏன்யா சொல்லல?"

"வேலைக்கு ஆவானான்னுதாம்மா அதுகிட்ட கேப்போம். என்ன வியாதின்னு கேக்கறதில்ல."

ஆபீஸ்காரர்களுக்கு ஊசியில்லாத தனி வழி. தூசிதான் எல்லோருக்கும் பொது. பொற்கொடி மேனேஜரின் கையை வெடுக்கென்று இழுத்து ஊசியில் அழுத்தினாள்.

"ஆள் தேவையில்லை" என்றது கதவு.

"என்ன வியாதின்னு இப்பக் கேளுய்யா" என்றாள்.