இணைப்பைத் துண்டித்தது யார்?

ரெண்டு பேர் போனிலும் இருக்கும் வீட்டுக்கணக்கு ஆப்பில் மனைவியின் பேங்க் கணக்கு தெரிவது நின்று நாலு நாளாகிறது. அந்த இடத்தில் சிவப்பாக 'இணைப்பு இல்லை' என்று மட்டும் வருகிறது. சொந்தக்காரர்களிடம் கணக்குப்புலி என்று பேர் வாங்கியவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது.

"அது என்னன்னு பாரேன்."

"பேங்க்ல ஏதோ கோளாறுங்க. தானா சரியாயிடும்."

நாலு நாளும் இதே பதில். சொல்லும்போது அவள் முகம் அடுப்புப் பக்கமே இருந்தது.

ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்த்தார். ம்ஹூம். மறுபடி இணைக்க அவள் போனுக்குத்தான் ஓ.டி.பி. வரும். போனைக் கேட்டால் "சார்ஜ் இல்லை" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் போனை ஒளித்ததே கிடையாது. தம்பிக்கு அள்ளிக் கொடுக்கிறாளா? எவனாவது ஏமாற்றிவிட்டானா? போன வாரம் பகலில் ரெண்டு தரம் கூப்பிட்டும் எடுக்கவேயில்லையே.

மறுநாள் காலை சாப்பாட்டுப் பையோடு கிளம்பினார். ஆபீஸுக்கு இல்லை. அவரை வேலையை விட்டு அனுப்பி ரெண்டு மாசமாகிறது. இப்போதெல்லாம் நூலகத்து மாடியில் கடைசி மேஜைதான் அவர் சீட்டு. ஒண்ணாம் தேதியானால், ஆப்பில் சேர்க்காத பழைய சேமிப்பிலிருந்து சம்பளக் கணக்குக்கு அதே தொகையைத் தள்ளிவிடுவார். வேறு வேலை கிடைக்கும்வரை அவளை எதுக்குக் கலவரப்படுத்த வேண்டும்? அது வேற விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது.

நூலகப் படிக்கட்டில் நின்று ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"இதுல கோளாறே இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். "கணக்கைக் காட்ட வேண்டாம்னு அவங்களே அனுமதியை எடுத்துட்டாங்க."

"அவங்களேன்னா?"

"கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க சார்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் பையைக்கூட இறக்கவில்லை.

"கோளாறு பேங்க்ல இல்ல, உன்கிட்டதான். புருஷன்கிட்ட மறைக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஓ.டி.பி.யை அவளே தட்டினாள். கணக்கு திறந்தது.

அவர் செலவுப் பக்கத்தைத்தான் முதலில் துழாவினார். ஒன்றும் சிக்கவில்லை. வரவில் ஒரு மருந்துக்கடையின் பேர் இருந்தது. பக்கத்தில் ஆப்பே போட்டிருந்தது, 'சம்பளம்'.

"இது என்ன?"

"நீங்க கிளம்பினதும் நானும் கிளம்பிடுவேன். பில் போடுற வேலை. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்."

"அதை ஏன் என்கிட்ட மறைக்கணும்?"

அவள் அதே ஆப்பில் அவருடைய கணக்கைத் திறந்தாள். போன மாசம் ஒண்ணாம் தேதி வரியைக் காட்டினாள். எப்போதும் 'சம்பளம்' என்று வருகிற இடத்தில் 'சொந்தப் பணம் மாற்றியது' என்று இருந்தது. அவள் கணக்கையே நோண்டிக்கொண்டிருந்த கணக்குப்புலி, தன் வரியை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

"இதைப் பார்த்த அன்னைக்கே கடையில போய் வேலை கேட்டேன். என் சம்பளம் உங்க கண்ணுல பட்டா, எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சு நீங்க கூனிக்குறுகிப் போவீங்க. அதான் துண்டிச்சேன்."

அவர் அப்போதுதான் சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்தார்.

"நீங்களா வாய் திறந்து சொல்லுவீங்கன்னு தினமும் காத்துக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா, என்கிட்ட கணக்குக் கேட்டுட்டு நிக்கிறீங்க."