பின்வாசல் வழியாக

"வெளிய வாடி தாரணி! இன்னிக்கு ஒரு எலும்பு மிஞ்சாது!"

கிளமெண்டியிலிருந்த அந்த ஆய்வு நிலையத்தின் வரவேற்பறையில் ஒரு நாற்காலி பறந்தது. கண்ணாடி சிதறிய சத்தத்தில் உள்ளே ஸ்கேன் அறைக் கதவே அதிர்ந்தது. மேசைமேல் உட்கார்ந்திருந்த தாரணி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சுஷ்மிதாதான் ஓடிப்போய் அந்தக் கதவை அழுத்திச் சாத்தினாள். சிங்கப்பூரில் வயதுவந்தவர்களின் எலும்பும் மூட்டும் தசையும் எப்படி இருக்கின்றன என்று ஊர் முழுக்க ஆள் சேர்த்துப் பார்க்கிற ஆய்வு அது. ஸ்கேன் எடுப்பது சுஷ்மிதாவின் வேலை.

ஃபேரர் பார்க்கிலிருந்து வந்திருந்த தாரணிக்கு முப்பது வயதுதான் இருக்கும். கைப்பிடி பலம் பார்க்கும் கருவியை அழுத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. திரையில் இப்போது காரணம் தெரிந்தது. விலாவில் பழைய முறிவுகள். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் முன்கையில் எது உடையுமோ, அந்த எலும்பும் உடைந்து கூடியிருந்தது.

"இது கீழ விழுந்த அடி இல்ல. யாரும்மா அடிச்சது?"

தாரணி வாய் திறக்குமுன் கூட வந்திருந்த ஷங்கர் பேசினான். "குடும்ப விஷயம்க்கா. வெளிய சொல்ல வேணாம்னு பார்த்தோம். அதான் அவனே வந்து கத்துறானே, கேக்கலையா?"

கூட வருகிறவர்கள் வெளியேதான் இருக்கவேண்டும். நான் அவளுக்கு அண்ணன், தனியாக இருந்தால் பயப்படுவாள் என்று அவன் கெஞ்சியதால், நம்ம ஆளுதானே என்று சுஷ்மிதா உள்ளே விட்டிருந்தாள். விட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! தாரணியின் கைப்பையைக்கூட அவன்தான் சுமந்துகொண்டு நின்றான். கூடப்பிறந்தவன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

"பின்வாசல் இருக்கு. உங்க தங்கச்சியை முதல்ல கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம் லா!"

"ரொம்ப நன்றிக்கா."

தாரணி சுஷ்மிதாவின் மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது.

"பயப்படாதம்மா. அந்த நாய் உன்னைத் தொடமுடியாது" என்று சுஷ்மிதா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். ஷங்கர் தாரணியின் தோளை அணைத்தபடி கூட்டிப்போய் டாக்சியில் ஏற்றினான்.

டாக்சி கிளம்பியதும் சுஷ்மிதா ஆத்திரத்தோடு முன்பக்கம் ஓடினாள். கட்டடக் காவலாளிகள் இருவர் அந்த ஆளைக் கண்ணாடிச் சில்லுகள்மேல் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவன் தமிழில் கதறியது எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. ஒருவர் கையை முறுக்க, தோள்மூட்டு மளுக்கென்று நழுவியது. அவன் போட்ட அலறலில் சுஷ்மிதாவுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"நல்லா வேணும் உனக்கு! பொண்டாட்டி எலும்பை ஒடிக்கிறவனுக்கு இது போதாது. போலீஸ் வருது. அவ அண்ணன்கூட டாக்சில போயாச்சு. இனிமே உன் கை அவமேல படாது!"

அவன் திமிறுவதை நிறுத்தினான். ரத்தம் வழிந்த முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"எலும்பு மிஞ்சாதுன்னு நான் கத்தினது அவ புருஷனைத்தான். இங்க வந்து என்னைக் காப்பாத்துன்னு மெசேஜ் போட்டதே அவதான்க்கா. அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். அது நான்."