ஐஸ் கட்டிய கிளை

பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா ஸ்டூலில் ஏறி நின்று, பேரிக்காய் மரத்தின் கிளையில் ஐஸ் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தபோது கொடைக்கானலிலிருந்து அவள் கொண்டுவந்த கன்று அது. ஆளுயரம் தாண்டியும் ஒரு பூகூடப் பூக்கவில்லை. இந்த வருஷமும் பூக்காவிட்டால் மரத்தை வெட்டிவிட்டு மீனுக்கு ஷெட் போடுவதாக வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

தாவரவியல் மாலை வகுப்பில் கேட்டதை அவளிடம் சொன்னவள் நான்தான். மரத்தில் குறை ஒன்றுமில்லை, மொட்டுக்குள் பூவை அடக்கிவைக்கும் மரபணு இருக்கிறது, போதுமான குளிர் பட்டால்தான் அது அடங்கிப் பூ வெளிவரும் என்றேன். எழுதிவைத்ததை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அப்படியும் சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம் போகவில்லை.

முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் மாமியார் சிரித்தாள். "ஏட்டி, மரத்துக்கு என்ன, காய்ச்சலா?"

"அதுக்குக் குளிரு பத்தல மாமி. மலையில பொறந்ததுல்லா" என்றாள் அக்கா.

"நீயுந்தான் மலையில பொறந்த. ஒனக்கு ஐஸா வச்சுக் கட்டுனோம்?"

அக்கா அடுத்த பொட்டலத்தை எடுத்துக் கட்டினாள். உருகிய நீர் அவள் முழங்கை வழியே சொட்டியது. மாமியார் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன நாளைக்கு இப்பிடிக் கட்டணும், படிச்சவளே?"

"வாரக்கணக்குல ஆகும் மாமி. அப்பவும் நிச்சயமில்ல."

"அடிப்பாவி" என்றபடி எழுந்து போய் மீன்பெட்டியைத் திறந்தாள். விற்க வைத்திருந்த சாளை மீன்களை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த ஐஸை இரண்டு கைகளாலும் அள்ளினாள்.